பூமி பாரம் குறைகிறதா?



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், ஜனப்பெருக்கமும் இயற்கையால் உண்டாகும் சேதமும் என்பதாகும். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. கையில் கிடைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டவன். ஆதலால் உங்களுக்கு விளங்காத பாஷையில் பேச எனக்குத் தெரியாது.

புயலோ, வெள்ளமோ, பூகம்பமோ வந்து ஜனங்கள் மடிந்தால் நம்மவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? "பூமாதேவிக்குப் பாரம் தாங்கவில்லை, குறைத்துக்கொள்ளுகிறாள்" என்கிறார்கள். இது புராணம் படித்தவர் பேச்சு. இங்கிலீஷ் படித்தவரோ, மால்தூஸ் என்பவர் 1798-ல் எழுதிய புத்தகத்தைக் காட்டி, "ஜனங்கள் அளவுக்கு மிஞ்சினால் பஞ்சமும் நோயும் வந்து இயற்கையே சரிக்கட்டிக்கொள்ளும்" என்கிறார். ஒருவர் தேவி என்கிறார். மற்றவர் இயற்கை என்கிறார். செத்தவன் சாகவேண்டியவனே என்பதில் மாத்திரம் இருவருக்கும் பேதமில்லை. இது உண்மைதானா என்று கணக்குப் பார்ப்போம்.

நமது கரையில் மோதுகின்ற இதே வங்காளக் குடாக் கடலின் வடகோடியில் உள்ளது வங்காள தேசம். 1970-ல் அதற்குக் கிழக்குப் பாகிஸ்தான் என்று பெயர். அவ்வருஷம் நவம்பர் 12-ந் தேதி இரவு புயல் அடித்துக் கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. செத்தவர்கள் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை என்கிறார்கள். தஜுமுதீன் என்ற ஒரே வட்டாரத்தில் இருந்த 1,67,000 பேரில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அந்த ஜனங்கள் அங்கே ஏன் குடியிருந்தார்கள்? கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்துக்கொண்டு வரும் வண்டல், கடலோரத்தில் புதுத் திட்டுகளாகப் படிகிறது. 'சர்' என்று பெயர். கடல் மட்டத்துக்குச் சில அடி உயரந்தான். நிலமும் பணமும் உள்ளவன் அங்கே குடிசை போடப் போவானா? ஜனத்தொகை ஆறரைக் கோடிக்கு மேல் போயிற்று. தகப்பன் நிலம் பிள்ளைகளுக்குத் துண்டாகி, பேரனுக்கு ஒன்றுமில்லாமற் போயிற்று. அந்தப் பேரன்தான் திட்டுக்குப் போனான். ஆகவே ஜனப்பெருக்கத்தால் சேதம் பெருகுகிறது என்பது மெய். ஆளில்லாத திட்டில் அடித்தால் அது வெறுங் காற்று. ஏழைகளை நெருக்கித் தள்ளி வைத்த திட்டில் அடித்தால் அது பிரளயம்.

சரி, பாரம் குறைந்ததா? அந்நாட்டில் அக்காலத்தில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டுக்குக் குறையாமல் ஜனங்கள் பெருகி வந்தார்கள். அதாவது வருஷத்துக்கு 13 லட்சம் பேருக்குக் குறையாது. அந்த வீதப்படி பார்த்தால், 5 லட்சம் பேர் செத்த குறை அரை வருஷத்துக்குள் நிரம்பிவிடும். பாரம் குறைக்க வந்த தேவிக்கு இந்தச் சாதாரணக் கணக்குக்கூடத் தெரியவில்லை! அதுமட்டுமல்ல. "பெற்றதில் எத்தனை தங்குமோ" என்ற பயம் உள்ள வீட்டில்தான் மேலும் மேலும் பிள்ளை பெறுகிறார்கள். ஆகையால் சாவு ஜனத்தொகைக்கு மருந்தல்ல; அதை வளர்க்கும் எரு.

இனி மறுபக்கத்தைக் கவனியுங்கள். இன்று அந்நாட்டு ஜனங்கள் சுமார் 17 கோடி. நிலமோ நம் தமிழ்நாட்டைவிடச் சற்றுத்தான் பெரிது. புராணிகர் சொல்வது சரியானால் இன்று முன்னிலும் அதிகம் பேர் சாகவேண்டும். நடந்தது என்ன? 1991 ஏப்ரல் புயலில் சுமார் 1,38,000 பேர். 2007 நவம்பர் புயலில் சுமார் 3,400 பேர். 2020 மே புயலில் அந்நாட்டில் செத்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. 20 லட்சம் பேருக்கு மேல் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டிருந்தார்கள். எல்லாப் புயலும் ஒரே பலமுடையவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் காற்று மட்டும் இந்த வித்தியாசத்தைச் செய்துவிடவில்லை. 1970-க்குப் பிறகு தொண்டர்களைச் சேர்த்தார்கள். கொடி ஏற்றியும், கையால் சுற்றும் சங்கை ஊதியும், ஒலிபெருக்கியில் கூவியும் குடிசை குடிசையாக எச்சரித்தார்கள். தூண்மேல் புகலிடக் கட்டடங்கள் எழுப்பினார்கள். கடலுக்குக் கரை போட்டார்கள். எந்த யாகத்தினால் இது நடந்தது?

பக்கத்து மியான்மாரைப் பாருங்கள். வங்காள தேசத்தைப்போல் நாலரை மடங்கு நிலம். ஜனங்களோ மூன்றில் ஒரு பங்குதான். அங்கே 2008 மே மாதப் புயலில் 1,30,000 பேருக்கு மேல் செத்தோ காணாமலோ போனார்கள். இராணுவ சர்க்கார் சரிவர எச்சரித்து ஜனங்களை அப்புறப்படுத்தவில்லை. வெளிநாட்டு உதவியையும் தாமதப்படுத்திற்று. தலை குறைவாயிருந்தும் என்ன பிரயோஜனம்?

தாய்மார்களே! இது உங்களுக்காகச் சொல்லுவது. 1991 புயலில் 20 முதல் 44 வயது வரை உள்ளவர்களில் ஆண்கள் ஆயிரத்துக்கு 15 பேர் செத்தார்கள். பெண்கள் 71 பேர் செத்தார்கள். பெண் என்று கண்டு காற்று ஓங்கி அடித்ததா? இல்லை. புருஷன் உத்தரவில்லாமல் வாசற்படி தாண்டக்கூடாது. அந்நிய ஆடவர் உள்ள கட்டடத்தில் ஒதுங்கக்கூடாது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று பிள்ளை. காலில் சுற்றும் சேலை. கொன்றது கடலா, கட்டுப்பாடா?

அந்நாட்டில் 1970-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு பிள்ளைகளுக்கு மேல். இன்று ஏறக்குறைய இரண்டு. பெண் ஊழியர்கள் வீடுவீடாய்ப் போய்க் கர்ப்பத்தடைச் சாதனங்களைக் கொடுத்தார்கள். பெண்கள் பள்ளிக்குப் போனார்கள். இன்று புயல் எச்சரிக்கைத் தொண்டர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். ஜனத்தொகைக்கும் புயலுக்கும் ஒரே மருந்துதான் என்பது இதனால் விளங்கவில்லையா?

வேலை முடிந்துவிட்டதென்று நினைத்துவிடாதீர்கள். உயிர் தப்பினவன் திரும்பி வந்து பார்த்தால் குடிசை இல்லை, வயலில் உப்பு. கடலும் உயர்ந்து வருகிறது. திட்டில் இன்னமும் ஏழைதான் இருக்கிறான். நம்மிடத்திலும், 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, ஏரியிலும் ஆற்றோரத்திலும் குடியிருந்தவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

ஆகவே தோழர்களே! இனி யாராவது "பூமி பாரம் குறைந்தது" என்று சொன்னால், "அப்படியானால் உன் வீட்டிலிருந்து ஏன் குறையவில்லை?" என்று கேளுங்கள். நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்தியைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.