டௌதட் பூங்காவில் ஒரு பழைய மரவீடு



பள்ளி விடுமுறை நெருங்கினால் வாஷிங்டன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்று: "மலைப் பக்கம் நாலு நாள் தங்கிட்டு வரணும், எங்கே போகலாம்?" பழைய மரவீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அதனால் என் பதிலும் அந்த வழியிலேயே வரும். வர்ஜீனியாவின் மாநிலப் பூங்காக்களுக்குப் போங்கள். ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் டௌதட் பூங்காவைச் சொல்வேன்.

பூங்கா என்றதும் புல்வெளியும் ஊஞ்சலும் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. அலகேனி மலைத்தொடரில், கிளிஃப்டன் ஃபோர்ஜ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், நாலாயிரத்து ஐந்நூறு ஏக்கருக்குப் பரந்த காடு. நடுவே 50 ஏக்கரில் ஓர் ஏரி. சுற்றிலும் 40 மைலுக்கு மேல் நடைபாதைகள். வாஷிங்டன் புறநகரிலிருந்து காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

முதலில் தேதி. இந்த மாநிலப் பூங்காக்களில் 11 மாதங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம். இலை நிறம் மாறும் அக்டோபரில் சனி, ஞாயிறு வேண்டும் என்றால் முந்தைய நவம்பரிலேயே விழித்துக்கொள்ள வேண்டும். நாள் மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் வாரநாட்களைப் பாருங்கள், எளிதாகக் கிடைக்கும். தேதியைப் பற்றி இவ்வளவு போதும். எந்த வீடு என்பதுதான் எனக்கு முக்கியம்.

பதிவு செய்யும்போது எல்லோரும் எத்தனை படுக்கை, ஏரிக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். நீங்கள் இன்னொன்றும் கேளுங்கள்: "சி.சி.சி. காலத்து மரவீடு எது?" பூங்கா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினால் சொல்வார்கள்.

யார் இந்த சி.சி.சி.? 1933-இல் அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கிக் கிடந்தது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பதவியேற்ற அதே மாதத்தில் சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அமைப்புக்குச் சட்டம் வந்தது. வேலையில்லாத வீடுகளின் பையன்கள், 18 முதல் 25 வயது வரை, திருமணமாகாதவர்கள், காடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மரம் நட்டார்கள், சாலை போட்டார்கள், அணை கட்டினார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். 1942 வரை, ஏறத்தாழ 30 லட்சம் பேர் இப்படி வேலை செய்தார்கள். டௌதட்டில் மட்டும் ஏறத்தாழ 600 பேர். ஏரியின் அணை அவர்கள் கட்டியது, மரவீடுகள் அவர்கள் எழுப்பியவை. 1936 ஜூன் 15 அன்று வர்ஜீனியாவின் முதல் ஆறு மாநிலப் பூங்காக்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. டௌதட் அவற்றுள் ஒன்று.

நேயர்களே, இந்தப் பையன்களில் பெரும்பாலோர் அதற்கு முன் உளி பிடித்தவர்கள் அல்லர். அதனால் பக்கத்து ஊர்களில் இருந்த கைதேர்ந்த தச்சர்களையும் கல் வேலைக்காரர்களையும் கொல்லர்களையும் சம்பளம் கொடுத்து அமர்த்தி, கற்றுக்கொடுக்கச் செய்தார்கள். எல் ஈ எம் என்று அவர்களுக்குப் பெயர், உள்ளூர் அனுபவசாலிகள். இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். அது வெறும் ஏட்டுச் செய்தி இல்லை, சுவரிலேயே கண்ணால் பார்க்கலாம். மலைநாட்டில் அந்தக் காலத்து வீடு ஒன்றில் நாங்கள் வேலை செய்தபோது, எங்களோடு இருந்த இளைஞர்களை வீட்டைச் சுற்றி அழைத்துப் போனேன். வடக்கு மூலையில் இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி, அதைச் சாந்து பூசி அடைத்திருந்தார்கள். தெற்கு மூலையில் காகிதம்கூட நுழையவில்லை. அதே வீடு, அதே ஆட்கள். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் நடுவே அந்தப் பையன்கள் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் இளைஞர்கள் அந்த மூலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள்.

நீங்கள் போகும்போது இதைச் செய்து பாருங்கள். மாலையில் சாய்வாக வெயில் விழும் நேரத்தில் சுவர்க் கட்டைகளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வாய்ச்சியால் செதுக்கிய தழும்புகள் வரிசையாகத் தெரியும். கதவுக் கீல்களையும் தாழ்ப்பாள்களையும் பாருங்கள், அவை முகாமின் கொல்லுப்பட்டறையிலேயே அடித்தவை. கூரையின் இறவாரம் எவ்வளவு நீண்டு வந்திருக்கிறது என்று கவனியுங்கள். மரவீட்டில் முதலில் உளுத்துப்போவது அடிக்கட்டை. மழைநீர் தரையில் விழுந்து தெறித்து அதை நனைக்கும். கல் அடித்தளமும் நீண்ட இறவாரமும் இருந்தால் அந்த வீடு மூன்று தலைமுறை தாங்கும்.

எந்த மரம் என்று கேட்பீர்கள். அப்பலாச்சிய மலைகளில் சி.சி.சி. பையன்கள் எழுப்பிய பல கட்டடங்களில் இருப்பது அமெரிக்க செஸ்ட்நட். ஒரு காலத்தில் இந்த மலைகளை ஆண்ட மரம் அது. ஆசியாவிலிருந்து கொண்டுவந்த செடிகளோடு ஒரு பூஞ்சை நோய் வந்தது. 1904-இல் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் அதை முதலில் கண்டார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் முந்நூறு, நானூறு கோடி மரங்கள் பட்டுப்போயின. துவர்ப்பு மிகுந்த மரம் என்பதால் செத்த பிறகும் பல ஆண்டு உளுக்காமல் நின்றது. நின்றபடி செத்த அந்த மரங்களை வெட்டித்தான் பையன்கள் வீடு கட்டினார்கள். இன்றும் காட்டில் பழைய வேரிலிருந்து செஸ்ட்நட் துளிர்க்கிறது. கொஞ்சம் உயர்ந்ததும் பூஞ்சை மறுபடி பிடித்துக்கொள்கிறது. காடு இழந்துவிட்ட பெருமரம் இந்த வீடுகளின் சுவர்களில் இருக்கிறது. அப்படி ஒரு கட்டையை அறுக்க நேரும்போதெல்லாம் என் கை கனக்கும்.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அது விறகுக்குள் ஒளிந்து மாநிலம் விட்டு மாநிலம் பயணம் செய்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. செஸ்ட்நட்டுக்கு நேர்ந்தது ஆஷுக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. கணப்புக்கு வேண்டிய விறகைப் பூங்காவிலேயே வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1936-இல் திறந்த அந்த ஆறு பூங்காக்களின் கதவுகள் கறுப்பின மக்களுக்குத் திறக்கவில்லை. சி.சி.சி. முகாம்களிலேயே கறுப்பின இளைஞர்களைத் தனியாகத்தான் வைத்தார்கள். அந்த ஆறில் ஒன்றான ஸ்டான்டன் ரிவர் பூங்காவில் அனுமதி மறுக்கப்பட்ட மேசியோ மார்ட்டின் என்பவர் 1948-இல் வழக்குத் தொடர்ந்தார். அதன் விளைவாக 1950-இல் கறுப்பின மக்களுக்கென்று தனிப் பூங்கா ஒன்றைத்தான் மாநிலம் அமைத்தது. எல்லோருக்கும் கதவு திறக்க 1960-கள் வரை ஆயிற்று. நம் நிறத்தோடு, நம் பெயரோடு, நாம் இன்று அங்கே தடையில்லாமல் சாவி வாங்குகிறோம் என்றால் அதற்காக முன்பே ஒருவர் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

நேரம் குறைவாக இருக்கிறது, மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரவீட்டில் சமையலறை உண்டு. அடுப்பு, பாத்திரம், தட்டு, படுக்கை விரிப்பு எல்லாம் இருக்கும். குக்கர், மசாலாப் பொருள், அரிசி, பருப்பு உங்கள் பொறுப்பு. கிளிஃப்டன் ஃபோர்ஜைத் தாண்டுமுன் பால், காய்கறி வாங்கிவிடுங்கள். தொலைக்காட்சி கிடையாது. மலை மடிப்புக்குள் கைப்பேசியை நம்பாதீர்கள், வழியைத் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் அம்மா அப்பா தேடுவார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூடாரம் போட விரும்புவோருக்குச் சில சொற்கள். ஜூலையிலும் விடியற்காலை குளிரும், தரைக்கும் உடம்புக்கும் நடுவே தடித்த விரிப்பு வேண்டும். கருங்கரடி நடமாடும் காடு இது. சாப்பாட்டுப் பொருளை, பற்பசை உட்பட, கூடாரத்தில் வைக்காமல் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். நம் கூட்டம் பெரியது, பாட்டும் பேச்சும் அதற்குமுன் முடியட்டும். நடக்கத் தெம்புள்ளவர்கள் டஸ்கரோரா காட்சிமுனைவரை ஏறுங்கள், அதற்கு ஒரு பகல் முழுவதும் ஒதுக்கிவிடுங்கள்.

ஆக, தேதியை இன்றே முடிவு செய்யுங்கள், பழைய மரவீட்டைக் கேட்டு வாங்குங்கள், விறகை அங்கே வாங்குங்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டியை இறக்குவதற்கு முன்பே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். நான்கு மூலைகளையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எந்த மூலையை முதலில் கட்டியிருப்பார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள், நான் ஆவலோடு படிப்பேன்.