பாட்டுக்கும் செக்ரோல் வேண்டும்

(ஹந்தானையில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி பற்றிப் பேசுகிற இடத்தில் பாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் பேச வந்ததும் உழைப்பின் கணக்கைப் பற்றித்தான்.

2021 மார்ச் மாதம் 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு வந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். நம் பிள்ளைகள் அதற்கு ஆடாத பள்ளி விழா இல்லை. ஆனால் அது நம் லயத்திலிருந்தும் போன பாட்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு தமிழ்நாடு திரும்பியவர். அவர் சொன்ன கதைகளும், சாவு வீட்டு ஒப்பாரியின் ராகமும் அந்தப் பாட்டுக்குள் இருக்கின்றன.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுக்கவும் தீர்மானித்தது. நம்மிடம் யாரும் கேட்கவில்லை. கப்பலேறியவர்கள் தகரப் பெட்டியோடு பாட்டையும் கொண்டு போனார்கள். அதுதான் பேரன் வாயால் மலைக்குத் திரும்பி வந்தது. எனக்கு அதில் பெருமைதான்.

பிறகு நடந்ததையும் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. மெட்டு யாருடையது, உழைப்பு யாருடையது என்று வாக்குவாதம் எழுந்தது. 2024இல் சந்தோஷ் நாராயணனே, பாட்டின் வருமானம் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று சொன்னார். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. உலகறிந்த கலைஞர்களுக்கே இந்த நிலை என்றால், பெயரே பதியப்படாத நம் அம்மாயிமார் கதி என்ன?

எங்கள் லயத்தில் ஒரு அம்மாயி இருக்கிறார். கொழுந்து மலையில் பாடியது, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் அவர் நெஞ்சில் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த சிலர் ஒரு பகல் முழுவதும் அவரைப் பாட வைத்துக் கைப்பேசியில் பதிந்தார்கள். பின்னர் அந்தக் குரல் இசை சேர்த்து வெளிவந்தது. அவர் பெயரும் இல்லை, தோட்டத்தின் பெயரும் இல்லை. "என் கொரல் மாதிரியே இருக்கே, வாத்தியாரே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

தோழர்களே, நிறுவையில் இரண்டு கிலோ வெட்டினால் நாம் விடுகிறோமா? செக்ரோலில் பெயர் விடுபட்டால் சும்மா இருக்கிறோமா? பாட்டுக்கும் அதே நியாயம்தான்.

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலைகளையும் பாதுகாக்கிறது. அவற்றை வெளியிடுபவர், எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று குறிப்பிட வேண்டும் என்கிறது அதன் 24ஆம் பிரிவு. கேட்க நமக்கு வாய் வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டை யாரும் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், மக்கள் அறிந்த மெட்டுகளில் தொழிலாளர் துயரத்தை எழுதிக் கூட்டங்களில் பாடினார். நம் சங்க வரலாறே பாட்டோடுதான் தொடங்குகிறது. சி.வி. வேலுப்பிள்ளை நம் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் பாதி அழிந்திருக்கும். பாட்டு பரவட்டும், புது வாத்தியம் சேரட்டும். பாடியவர் பெயர் மட்டும் உதிரக் கூடாது.

ஆகவே மூன்று வேலைகளை முன்வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு டிவிஷனிலும் பிள்ளைகள் ஒரு கொப்பி வைத்து, பாட்டு, பாடியவர் பெயர், தோட்டம், திகதி நான்கையும் எழுத வேண்டும். இரண்டு, பதிய வருகிறவர்கள் பாடுபவரிடமும் கமிட்டியிடமும் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். மூன்று, காசு வந்தால் பாடியவருக்கும் பங்கு என்று அதே தாளில் இருக்க வேண்டும்.

ஹந்தானை நிலவைப் பற்றிப் பாட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த மலையில் கூடை சுமந்தவளின் பாட்டை நாம்தான் காக்க வேண்டும். முதல் கொப்பியை நாளைக்கே என் வகுப்பில் தொடங்குகிறேன். முதல் பக்கத்தில் அந்த அம்மாயியின் பெயர் இருக்கும்.