எங்கே போய்ப் பிள்ளை பெறுவாள்?

(ஆஸ்பத்திரி ஞாயிறு ஆராதனையில் எங்கள் ஆஸ்பத்திரி சாப்ளின் ஐயா அவர்கள் அளித்த செய்தி)





1890களில் திண்டிவனத்தில் ஓர் இரவு நடந்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிரசவ வேதனையில் தவித்த மனைவியருக்காக மூன்று கணவர்கள், ஒருவர்பின் ஒருவராக, இளம்பெண்ணான ஐடா ஸ்கடரைத் தேடி வந்தார்கள். அவரோ அப்போது வைத்தியம் படியாதவர். அவருடைய தகப்பனார் டாக்டர். ஆனாலும் அந்நிய ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடலாகாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் மரித்தார்கள். அதன் பின்பே ஐடா அம்மையார் மருத்துவம் கற்று, 1900-இல் வேலூரில் ஊழியத்தைத் தொடங்கினார்.

அன்று டாக்டர் இல்லாமற்போகவில்லை. பெண்கள் கூச்சமின்றித் தங்களை ஒப்புக்கொடுக்கக்கூடிய டாக்டர்தான் இல்லை.

இன்று காலம் மாறிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரிகளில்தான் நடக்கின்றன. ஆகவே இன்று வீட்டிலே கேட்கப்படும் கேள்வி, எந்த ஆஸ்பத்திரி என்பதே. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அம்மா வீட்டுக்கு அருகில் இருப்பதைப் பார்க்கிறார்கள். கையிலுள்ள பணத்தைப் பார்க்கிறார்கள். ஆபரேஷன் ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். அதே ஆய்வில் நம் மாநிலத்தில் 100-க்கு சுமார் 45 பிரசவங்கள் ஆபரேஷன் மூலம் நடந்தவை. இவற்றோடு, வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு.

எங்களிடம் தலைப்பிள்ளை பெற்ற ஒரு தாய், இரண்டாம் பிரசவத்துக்கு வேறிடம் போனாள். பிற்பாடு குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவளிடம், "ஏம்மா, நம்ம ஆஸ்பத்திரிக்கு வரலையே?" என்று விசாரித்தோம். தலை குனிந்தபடி, "டாக்டரம்மா நல்லவங்கதான் ஐயா. வலியில கத்தினேன்னு நர்சம்மா திட்டினாங்க. எங்கம்மாவ உள்ள விடல. அவங்க கதவுக்கு வெளிய அழுதது எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்றாள்.

எங்களுக்கு நா எழவில்லை. காலைதோறும் அந்த வார்டில் ஜெபிக்கிறவர்கள் நாங்கள். ஆனால் பிரசவ அறைக் கதவுக்குள் நடப்பதைக் கேட்டறியாமலிருந்தோம். ஊழியர் கூட்டத்தில் அதை மறைக்காமல் சொன்னோம். சிலருக்கு வருத்தம், சிலர் கண்ணீர் விட்டார்கள்.

இப்பொழுது தாயோ, அக்காளோ, அத்தையோ, பிரசவிக்கிறவள் விரும்பும் ஒருத்தி அவளுடன் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் இதையே பரிந்துரைத்தது. ஆனால் எங்கள் பிரசவ அறையில் கட்டில்களுக்கு நடுவே மறைப்பு இல்லை. ஒருத்திக்குத் துணையாக வருகிறவளால் அடுத்தவளுக்குக் கூச்சம். ஆகையால் இவ்வாண்டு உங்கள் காணிக்கையைப் புதிய இயந்திரத்துக்காக நாங்கள் கேட்கவில்லை. திரைகளுக்காகவும், கட்டிலருகே போடும் நாற்காலிகளுக்காகவும் கேட்கிறோம்.

ராகேல் வழியிலே கடும் வேதனைப்பட்டபோது, மருத்துவச்சி அவளுக்குத் தைரியம் சொன்னதாக வேதத்தில் வாசிக்கிறோம். அவள் உயிரைக் காக்க அந்த மருத்துவச்சியால் முடியவில்லை. ஆனாலும் அன்பான வார்த்தையை அவள் மறுக்கவில்லை. எங்கள் வாசலுக்கு வரும் ஒவ்வொரு தாய்க்கும் அந்த வார்த்தை கிடைக்க ஜெபியுங்கள், உதவுங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.