எண்ணூர்க் கழியும் நம் வீட்டு விளக்கும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“மீன் உண்ணாத நம்மவரிடம் மீன்பிடித் தொழிலைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?” என்று என் துணைவியார் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆயினும் திருவொற்றியூரில் நெடுங்காலம் குடியிருப்பவன், எண்ணூரை விடுத்து வேறொன்றைப் பேச மனம் ஒப்பவில்லை.

கொசஸ்தலையாறு கடலோடு கலக்குமிடம் எண்ணூர் முகத்துவாரம். அதற்கு வடக்கே, ஒருபுறம் கழியும் மறுபுறம் வங்கக் கடலுமாக நீண்டு கிடக்கிறது காட்டுப்பள்ளித் தீவு. அதனைச் சூழ இன்று துறைமுகங்களும், நிலக்கரிக் கிடங்குகளும், அனல்மின் நிலையமும் நிறைந்துள்ளன. கடலில் பிறக்கும் இறாற்குஞ்சுகள் ஏற்றநீரோடு இக்கழிக்குள் வந்து, அலையாத்தி வேர்களிடையே ஒளிந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். மடவையும் நண்டும் இங்கேயே வளரும். அவற்றை நம்பிப் பறவைகள் வரும். கழி என்பது பல்லுயிர்க்கும் தொட்டில்.

அத்தொட்டிலில் சாம்பல் படிந்த வரலாறு நீண்டது. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பலை நீரில் கரைத்து, செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பற்குளத்திற்குக் குழாய் வழியே அனுப்புவர். அக்குழாய்கள் கசிந்தன, ஓரிரு முறையன்று, பல ஆண்டுகள் கசிந்தன. படகு மிதந்த இடத்தில் இன்று இறங்கி நடக்கலாம் என்கின்றனர் மீனவர். சேற்றைத் துளைத்து வாழும் இறாலும் நண்டும் இறுகிய சாம்பலில் எங்ஙனம் வாழும்?

இங்கேதான் என் மனம் உறுத்துகிறது. வலையில் விழும் உயிரைக் கண்டு நாம் வருந்துகிறோம். வலை வீசுவோரிடமிருந்து சற்றே விலகியும் நிற்கிறோம். சாம்பலுக்கு அடியில் மடிந்த உயிர்களோ எவர் கண்ணிலும் படவில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதலிரு நிலைகளின் திறன் 1,830 மெகாவாட். 2024 மார்ச்சில் மேலும் 800 மெகாவாட் அலகு தொடங்கப்பெற்றது. அம்மின்சாரம் மீனவர் குப்பத்திற்கு மட்டுமா செல்கிறது? இம்மண்டபத்து விளக்குகளிலும் அதன் பங்கு இருக்கக்கூடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணெய்க் கசடு பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து கழி முழுதும் பரவியது. கூழைக்கடாக்களின் வெண்சிறகு கருத்தது. அக்கசடை வாளியும் கையுமாக அள்ளியவர்கள் மீனவர்களே. சாம்பற்கசிவை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றவர்களும் அவர்களே. உயிர்க்கொலை செய்வோர் என நாம் ஒதுக்கியவர்களே கழியின் உயிர்களுக்காக வாதாடினர். இம்முரணை எண்ணி நான் உறக்கம் இழந்ததுண்டு.

தொழில்வளம் மிக்க தீவு நாடாகிய ஜப்பானும் இத்துயரைக் கண்டது. மினமாட்டா விரிகுடாவில் ஆலைக்கழிவின் பாதரசம் மீன்வழியே மனிதரைச் சேர்ந்தது. அந்நோய் 1956இல் பதிவாயிற்று. காரணத்தை அரசு ஏற்றது 1968இல்தான். நச்சு மீன் வெளியேறாதிருக்க விரிகுடாவில் கட்டிய வலைகளை அகற்றியது 1997இல். காலம் தாழ்த்தினால் எத்துணைத் தலைமுறை காத்திருக்க நேரும் என்பதற்கு இவ்வாண்டுகளே சான்று.

இனிப் பருவநிலை. கடுமழை பெருகும் காலத்தில் கழியின் ஆழம் குறைந்தால் வெள்ளம் எங்கே போகும்? நம் தெருவுக்குத்தான். அலையாத்திக் கன்று நடுதல் நற்பணியே. ஆனால் ஓதநீர் ஏறி இறங்காத மண்ணில் கன்று தழைக்காது. பிச்சாவரத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தை மீட்ட பின்னரே காடு மீண்டது. எண்ணூரிலும் சாம்பலை அள்ளி ஆழத்தை மீட்பதே முதற்பணி.

பெரியோர்களே, மீனவருக்கு வலை வாங்கித் தருமாறு நான் கேட்கவில்லை. அதற்கு நம் நோன்பு இடந்தராது என்பதை அறிவேன். ஆனால் ஆண்டுதோறும் சீவதயைக்கென நாம் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, எண்ணெயில் நனைந்த பறவைகளின் சிகிச்சைக்கும் அலையாத்திக் கன்றுகளுக்கும் தரலாம். கழியைத் தூர்வாரக் கோரி மீனவர் தரும் அடுத்த மனுவில் நாமும் கையொப்பமிடலாம். அறங்காவலர்கள் இசைந்தால், விழா முடிந்த மறுவாரம் இளைஞர்களை முகத்துவாரத்திற்கு அழைத்துச் செல்ல நான் ஆயத்தமாக உள்ளேன். வற்றுநீர் வேளையில் சென்றால் சாம்பற்படிவைக் கண்ணாலேயே காணலாம்.