பிறர் கண்ணாற் காணல்



வானொலி கண்ணுடையாரையும் கண்ணிழந்தாரையும் வேறுபடுத்துவதில்லை. கேட்குஞ் செவியுடையார் யாவருடனும் ஒரே விதமாகப் பேசும். இன்று நம் கைக்குள் வந்து புகுந்திருக்கும் கைத்தொலைபேசியோ பெரும்பாலும் கண்ணையும் விரல் நுனியையும் நம்பி நிற்பது. முதியவர் ஒருவர் மின்சாரக் கட்டணத்தை அதன் வழியே செலுத்த முயல்வதை எண்ணிப் பாருங்கள். வெள்ளைத் திரையிலே வெளிறிய சாம்பல் நிற எழுத்து. மூலையிலே உளுந்தளவு பொத்தான். அவர் கண்ணிலே வெண்புரை, விரலிலே நடுக்கம். மூன்று முறை தவறியபின், "எனக்கு இது ஏலாது ராசா, நீயே செய்துவிடு" என்று பேரனிடம் கொடுத்துவிடுகிறார். தொலைபேசியோடு தம் கடவுச்சொல்லையும் கொடுக்கிறார். தம் பணத்தையும் கடிதத்தையும் மருத்துவ அறிக்கையையும் பிறர் கையில் ஒப்படைக்க நேர்வது சிறிய இழப்பன்று.

பிழை தம்முடையதென்றே அம்முதியவர் நினைக்கிறார். உண்மையில் பிழை அத்திரையை அமைத்தவருடையது. உலகிலே ஏறக்குறைய 130 கோடி மக்கள், அதாவது அறுவரில் ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையுடன் வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அறுவரில் ஒருவரை வாசலிலே நிறுத்திவிட்டுக் கட்டிய வீட்டை நல்ல வீடென்று எவர் சொல்வார்?

செயலிகளை ஆக்குவோருட் பலர் இளைஞர், கூரிய பார்வையுடையவர். தாம் காண்பதையே உலகமும் காண்கிறதென்று அவர் எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணத்தைக் கலைக்க உதவும் கருவிகளுள் ஒன்று மெய்நிகர்க் காட்சிக் கருவி. அது தலையிலே பூட்டப்படுவது. கண்களின் முன்னே சிறு திரைகளை உடையது. தலை திரும்புந் திசைக்கேற்பக் காட்சியுந் திரும்பும். ஆதலால் அதனை அணிந்தவர் ஒரு படத்தைப் பார்ப்பதாக உணராமல், ஓரிடத்திலே நிற்பதாகவே உணர்கிறார். இதற்கு முன்னோடியான கருவியை 1968ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் என்னும் கணினி அறிஞர் செய்து காட்டினார்.

இக்கருவியை அணிந்துகொண்டு, தாம் வரைந்த திரையை நோயுற்ற கண் காண்பதுபோலக் காண ஓர் அமைப்பாளர் முயலலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. விழித்திரையின் நடுப்பகுதி பழுதுற்றவர் எதனை நேரே நோக்குகிறாரோ அதுவே அவருக்கு மறைந்துபோகும்; விழி செல்லுமிடமெல்லாம் மறைவுங் கூடவே செல்லும். கடதாசியிலே மங்கலாக அச்சிட்ட படத்தால் இதனை விளக்க இயலாது. கண்ணின் அசைவைக் கணந்தோறும் அளக்கவல்ல மெய்நிகர்க் கருவி, அம்மறைவையும் விழியோடு நகர்த்திக் காட்டிவிடும்.

கண் நரம்பைச் சிதைக்கும் குளுக்கோமா நோயைக் கொண்டு, இலண்டன் சிற்றி பல்கலைக்கழக ஆய்வாளர் இத்தகைய சோதனையொன்றை நடத்தி 2020ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். நல்ல பார்வையுடையோர் சிலர், அந்நோயாளரின் பார்வைக் குறைவை ஏற்றுக்கொண்டு, மெய்நிகர் வீடொன்றினுள்ளே பொருளைத் தேடினர். தேடுவதற்கு அவர்களுக்கு நீண்ட நேரம் பிடித்தது. தலையையும் கண்ணையும் மிகுதியாக அசைக்கவும் நேர்ந்தது.

இதனால் விளையும் பயன் தெளிவானது. சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருத்தல் வேண்டுமென 2008ஆம் ஆண்டிலே வெளிவந்த சர்வதேச நெறிமுறை கூறுகிறது. தொடு பொத்தான் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் அளவினதாயினும் இருக்கட்டும் என்பது அன்ட்ரொயிட் அமைப்பாளருக்குரிய அறிவுரை. இவற்றை ஏட்டிலே படித்தவர் மறந்துவிடலாம். தாம் எழுதிய எழுத்துத் தம் கண்முன்னே கரைந்துபோவதைக் கண்டவர் மறப்பது அரிது.

இவ்வளவும் நன்மை. இனி ஓர் எச்சரிக்கையுஞ் சொல்லவேண்டும். பத்து நிமிடம் கருவியை அணிந்தவர், "கண்ணற்றவர் வாழ்க்கையை அறிந்துகொண்டேன்" என்று எழுந்தால், அவர் அறிந்தது பார்வை போன முதற் பத்து நிமிடத்தின் திகைப்பை மாத்திரமே. பல்லாண்டு பழகித் தேர்ந்தவரின் திறமையை அவர் அறியார். அமெரிக்க உளவியலார் ஏரியல் சில்வர்மனும் அவருடன் சேர்ந்தோரும் 2015ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. கண்ணைக் கட்டிக்கொண்டு குருட்டுத்தன்மையை நடித்துப் பார்த்தவர்கள், விழிப்புலனற்றோர் தொழில் செய்யவும் தனித்து வாழவும் ஆற்றல் குறைந்தவர் என்று மதிப்பிடத் தலைப்பட்டனர். இரக்கம் வளர்ந்த இடத்திலே மதிப்புத் தேய்ந்தது.

மற்றொரு சான்றும் உண்டு. குளுக்கோமா நோயாளர் கரிய குழாய் வழியே பார்ப்பதுபோல உலகைக் காண்பர் என்று நெடுங்காலமாகப் படங்கள் வரையப்பட்டு வந்தன. 2013ஆம் ஆண்டிலே வெளிவந்த ஓர் ஆய்வில், அந்நோயுடைய 50 பேரிடம் பல படங்களைக் காட்டி, "உமது பார்வை எதனை ஒத்தது?" என்று கேட்டனர். கரிய குழாய்ப் படத்தை ஒருவரேனும் தெரிந்தெடுக்கவில்லை! மங்கலென்றும், சில பகுதி காணாமற் போவதென்றுமே அவர்களிற் பலர் குறித்தனர். கேளாமல் வரைந்த படம் பொய்த்துவிட்டது.

இப்பாடம் புதியதன்று. பார்வையற்ற சிறுவர்க்கெனப் பரிஸ் நகரிலே 1785ஆம் ஆண்டில் ஒரு பாடசாலை தோன்றிற்று. சாதாரண எழுத்துகளையே தாளிலே புடைக்கச் செய்து, விரலால் தடவிப் படிக்க அங்கே கற்பித்தனர். நோக்கம் உயர்ந்ததே, ஆயினும் அது கண்ணுக்கென்று பிறந்த எழுத்து. பின்னர்ச் சார்ள்ஸ் பார்பியே என்பவர் புள்ளிகளாலாய முறையொன்றைக் கொணர்ந்தார். அதன் பன்னிரு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அக்குறையைத் தீர்த்தவர், அப்பாடசாலையிலே பயின்ற லூயி பிறெயில். மூன்று வயதிலே தந்தையாரின் பட்டறையிற் கண்ணிற் காயமுற்றுப் பின் பார்வையிழந்தவர் அவர். பன்னிரண்டை ஆறாகக் குறைத்து, 1829ஆம் ஆண்டிலே, தமது இருபதாம் வயதில், தம் முறையை நூலாக வெளியிட்டார். இன்று தமிழும் அவ்வாறு புள்ளிகளுள் அடங்கி நிற்கிறது. கண்ணுடையோர் வழி திறந்தனர். விரலால் வாழ்ந்தவரே அதனைச் செப்பனிட்டார்.

கைத்தொலைபேசிக்கும் இஃது ஒக்கும். திரையிலுள்ளதைக் குரலாற் படித்துச் சொல்லும் வசதி 2009ஆம் ஆண்டிலே ஐபோனிலும் அன்ட்ரொயிட்டிலும் இடம்பெற்றது. ஆயினும் பொத்தானுக்குப் பெயரிடாமல் அமைப்பாளர் விட்டுவிட்டால், அக்குரல் "பொத்தான், பொத்தான்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மங்கற் காட்சியைக் காட்டும் மெய்நிகர்க் கருவி இக்குறையைக் காட்டாது. நாள்தோறும் செவியாலேயே தொலைபேசியை ஆளும் ஒருவர் ஒரு நிமிடத்திற் காட்டிவிடுவார்.

இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டிலே ஏற்றுறுதி செய்தது. தகவல் தொழில்நுட்பமும் யாவரும் அணுகத்தக்கதாதல் வேண்டுமென அதன் 9ஆம் உறுப்புரை விதிக்கிறது. நம் மாணவர் பலர் இன்று செயலிகள் ஆக்கக் கற்கின்றனர். அவர்களுக்கு நான் கூறுவது இதுவே: மெய்நிகர்க் கருவி கிடைக்குமாயின் அணிந்து பாருங்கள், உங்கள் பிழைகளை அது காட்டும். அதனைக் கழற்றியபின், விழிப்புலனற்ற ஒருவரையும் கைநடுங்கும் முதியவர் ஒருவரையும் அருகிலே அமர்த்துங்கள். இரங்கத்தக்கவராக அன்று, உங்கள் ஆக்கத்தைத் திருத்தும் ஆசிரியராக. அவர்தம் உழைப்புக்குரிய ஊதியத்தையுங் கொடுங்கள்.

அன்றுதான் அம்முதியவர் பேரனை அழையாமலே தம் கட்டணத்தைத் தாமே செலுத்துவார். கடவுச்சொல்லும் அவர் நெஞ்சோடு இருக்கும்.