பனிக்காலத்தில் காம்பராவுக்குள்ளே மல்லியும் வெந்தயமும்

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் நாங்கள் நீட்டிப் பேசப்போவதில்லை.

மார்கழி, தை மாதப் பனியைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நுவரெலியா, கந்தப்பளை பக்கம் வானம் தெளிந்த இரவில் உறைபனி விழுந்தால், விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறினதும் லயத்துக்கு முன்னால் போட்ட இளங்கீரை கருகிப் போகும். அந்த நேரம் பார்த்துத்தான் கடையிலும் கீரைக்கட்டு விலை ஏறும்.

இரண்டு பால்மா டின்னும் ஒரு ஜன்னல் ஓரமும் இருந்தால், மல்லியும் வெந்தயமும் காம்பராவுக்குள்ளேயே வளரும். மல்லி குளிர் பிடித்த செடி. வெயில் கூடினால்தான் அவசரமாகப் பூத்துப் போய்விடும். துளசி அப்படியில்லை, அதற்குச் சூடு வேண்டும். பங்குனி வரட்டும். புதினாவை விதை தேடி அலையாமல் தண்டை ஒடித்து நட்டுக்கொள்ளலாம்.

முதலில் டின். அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். மருந்தடிக்கிற கேன், புல்லுக்கு அடிக்கும் எண்ணெய்ப் போத்தல், இவற்றை மட்டும் எடுக்கவே கூடாது. "நல்லாத்தானே கழுவினோம்" என்று சொல்வீங்க. கழுவினாலும் நஞ்சு முழுதாகப் போகாது. பிள்ளைக்குக் கொடுக்கிற கீரையை அதில் வளர்க்கலாமா? அந்தக் கேனில் தண்ணி பிடித்து வைப்பதும் அதே ஆபத்துதான்.

மண்ணும் தேயிலைச் செடிக்கு அடியில் இருந்து வேண்டாம். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும், வெந்தயத்துக்கும் மல்லிக்கும் அவ்வளவு புளிப்பு ஆகாது. மரக்கறிப் பாத்தி மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கின மாட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு எடுங்கள். ஒரு வாளிக்கு ஒரு பிடி அடுப்புச் சாம்பல் போதும். சாம்பல் நல்லதென்று அள்ளிக் கொட்டாதீங்க.

விதைக்குக் கடை மல்லியே சரி, இடித்தது, வறுத்தது ஆகாது. பழையதா என்று சந்தேகமிருந்தால் இருபது விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு கிழமையில் பத்தாவது முளைத்தால் போடலாம். நாம் விதை என்று சொல்கிற அந்த உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. போத்தலை மேலே உருட்டி, நசுங்காமல் இரண்டாகப் பிளந்து, ஒரு இரவு ஊற வைத்து, அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். பிடுங்கி நட்டால் மல்லி சுணங்கிப் போகும், அதனால் வளரப் போகிற டின்னிலேயே போட வேண்டும். குளிரில் முளைக்க இரண்டு மூன்று கிழமைகூட ஆகும். பிள்ளைகள் தோண்டித் தோண்டிப் பார்க்காமல் இருந்தால் சரி! வெந்தயம் நாலைந்து நாளில் தலைகாட்டிவிடும்.

முளைக்கும் வரைக்கும் டின் குசினிப் பக்கம் வெதுவெதுப்பில் இருக்கலாம். முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு வர வேண்டும். வெளிச்சமில்லாமல் நின்றால் நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். ஜன்னல் சின்னதென்றால், பகலில் இஸ்தோப்பில் வைத்து, பொழுது சாயுமுன் உள்ளே எடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கஷ்டம்தான். வீட்டிலிருக்கிற பாட்டி, தாத்தாவிடம் சொல்லி வையுங்கள்.

பனிக்காலத்தில் நாற்று சாவது பெரும்பாலும் தண்ணி கூடித்தான். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். பீலித் தண்ணி அந்த நேரம் ஐஸ் மாதிரி இருக்கும். காலையில் பிடித்து வைத்து, குளிர் விட்ட பிறகு ஊற்றுங்கள்.

வெந்தயக்கீரையை நாலைந்து கிழமையில் கிள்ளலாம். இரண்டு கிழமைக்கு ஒரு டின் புதிதாகப் போட்டு வந்தால் கை விடாமல் கிடைக்கும். கிளினிக்கில் "இரத்தம் குறைவு" என்று கேட்டு வருகிற தாய்மாருக்கு இது உதவிதான். ஆனால் இரண்டு டின் கீரை, மிட்வைஃப் அம்மா தருகிற இரும்புச்சத்துக் குளிசைக்குப் பதிலாகாது. குளிசையை நிறுத்தாதீங்க.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரொட்டியும் கீரையும் சாப்பிட்ட கையோடு சாயம் குடிக்கிறோமே, அந்தச் சாயம் கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். நம்ம கையால் பறித்த தேயிலைதான், ஆனாலும் கொஞ்சம் காத்திருக்கட்டும். கீரையை இறக்கின பிறகு தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விட்டால், சத்து நன்றாகச் சேரும்.

பால்மா டின் உள்ளவர்கள் இன்றைக்கே ஓட்டை போட்டு வையுங்கள். டின் இல்லாதவர்கள், பிள்ளைக் காம்பராவில் வெறும் டின் இருக்கிறதா என்று ஆயம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.