நீதி நம் மொழியில் பேச வேண்டும்



நான் பிறந்தது கோலா சுங்கை பாரு பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தோட்டம் கைமாறியபோது, ஆபீசில் ஒரு காகிதத்தை நீட்டினார்களாம். என் தாத்தா கைநாட்டு வைத்தார். ஏதோ சம்பளக் கணக்கு என்று நினைத்தார். லயத்து வீட்டைக் காலி செய்யச் சம்மதித்த கடிதம் அது என்று பிறகுதான் தெரிந்தது. "படிச்சுக் காட்ட ஆளில்லையே" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கவலை ஒருவருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கிறது. அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 'தமிழின் முதல் நாவலாசிரியர்' என்று பள்ளியில் படித்திருப்போம். அவர் நீதிமன்றத்தில் வாழ்நாளைக் கழித்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

திருச்சிக்கு அருகில் குளத்தூரில் 1826இல் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர், மொழிபெயர்ப்பாளர் எனப் படிப்படியாக உயர்ந்தார். பிறகு தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப், அதாவது உரிமையியல் நீதிபதி.

அன்று தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. வழக்காடும் குடியானவருக்கு ஒன்றும் புரியாது. வேதநாயகம் பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862இல் வெளியிட்டார். சட்டம் தமிழ் பேசத் தொடங்கியது!

அதற்கு முன்பே, 1859இல், 'நீதிநூல்' என்ற செய்யுள் நூலில் கைக்கூலி வாங்குவோரைக் கண்டித்திருந்தார். லஞ்சம் மலிந்த காலத்தில், அந்தத் துறைக்குள்ளேயே இருந்துகொண்டு பாடினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தது. சிரிக்க வைக்கும் கதை. ஆனால், தமிழ் நாட்டில், தமிழ் நீதிபதி முன்னால், தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதை அதிலும் அவர் விடவில்லை. கட்சிக்காரன் விழித்துக்கொண்டு நிற்க, அவன் தலைவிதி அவனுக்கே புரியாத மொழியில் தீர்மானிக்கப்படலாமா என்பதே அவர் கேள்வி.

தீர்ப்புத் தொகுப்பு, செய்யுள், நாவல் என்று வடிவம் மாறினாலும் நோக்கம் மாறவில்லை. யாரைச் சட்டம் கட்டுப்படுத்துகிறதோ, அவருக்கு அது விளங்க வேண்டும்.

நேயர்களே, நம் நாட்டு நீதிமன்றங்களில் மலாயும் ஆங்கிலமும் வழங்குகின்றன. அவற்றை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்கட்டும். ஆனால் அலோர் காஜாவிலோ மலாக்காவிலோ கூண்டில் நிற்கும் நம் பெரியவருக்கு மொழி விளங்காவிட்டால், தலையாட்ட வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்பது அவமானமல்ல.

சட்டம் படித்த இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலை, வீடு, வாடகை, கடன் பற்றி எளிய தமிழில் எழுதுங்கள். மாதம் ஒருநாள் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ உட்கார்ந்து, பெரியவர்கள் கொண்டுவரும் கடிதத்தைப் படித்துச் சொல்லுங்கள்.

என் தாத்தாவுக்கு அன்று தேவைப்பட்டது பெரிய வக்கீல் அல்ல, படித்துக் காட்ட ஒருவர்தான்.